முன்மாதிரித் தற்குறி

படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் படிக்கத் தெரியாதவளாக்குவது எவ்வளவு சிரமமான காரியம் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், சித்தூரில் அந்தத் தகரக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்கலாம். சன்னலைத் திறந்து வைத்தாலே எல்லாம் காதில் விழும். சன்னலை மூடி வைக்க அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வந்ததில்லை.

ஞானசௌந்தரி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தெலுங்கில் படித்தவள். வீட்டிலும் கோயிலிலும் தமிழ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் வேதபாடம் வாசித்தால், கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களுக்கும் விழிப்புத் தட்டும். அப்படித் தூங்குகிறவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் சாந்தகுமார். வாசித்து முடித்ததும், "கர்த்தர் தாமே தமது திருவசனத்தை ஆசீர்வதிப்பாராக" என்று நீட்டி ஓர் இழுப்பு இழுத்து நிறுத்துவாள். சபை மொத்தமும் "ஆமென்" என்னும். அந்த இழுப்பு வேறு யாருக்கும் வரவில்லை. முயன்று பார்த்தவர்களின் பெயரைச் சொன்னால் வீண் மனஸ்தாபம்.

அப்படிப்பட்டவளிடம், எழுபத்தொன்பதாம் வருஷ மழை ஓய்ந்த கையோடு, அவள் நாத்தனார் லோயிஸ் வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரு சின்ன ஒத்தாசை. கொஞ்ச நாளைக்கி நீங்க படிக்கத் தெரியாதவங்களா இருக்கணும்."

"அது எப்படிம்மா இருக்கறது?"

"சும்மா இருந்தா போதும், அண்ணி."

சும்மா இருந்தால் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜோதி சமிதி என்று ஒரு சமிதி. ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரியாத தற்குறி ஒன்றுகூட மிச்சம் வைப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பியது. அதன் சார்பில் அந்தக் கொட்டகையில் 'அகண்ட ஜோதி வயோஜன வித்யா கேந்திரம்' என்று ஒரு முதியோர் பள்ளி திறந்தார்கள். பலகை கொட்டகையைவிட நீளம். படிக்கத் தெரியாதவர்களை உள்ளே அழைக்க வைத்த அந்தப் பலகையில் படம் எதுவும் இல்லை. எழுத்துதான்.

லோயிஸ் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அங்கே டீச்சர் வேலை கிடைத்தது. பலமனேரி மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு வேலையில கீறதாலதான் சம்மதிக்கிறோம்" என்று வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். கேந்திரம் மூடினால் வேலை போகும். வேலை போனால் கல்யாணமும் போகும்.

கேந்திரத்துக்கு வந்த சோதனை வேறொன்றுமில்லை. படிக்க வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அவர்கள் மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. முதல் பாடத்தின் முதல் சொல் 'அபிவிருத்தி'. தெலுங்கில் அதை எழுதினால், ஓர் எழுத்தின் காலடியில் கொக்கி தொங்கும், இன்னோர் எழுத்தின் காலடியில் குட்டி எழுத்து ஒன்று தொங்கும். பகலெல்லாம் மண்டியில் மூட்டை தைத்துவிட்டு வருகிறவர்கள் அபிவிருத்தியைக் கண்டதுமே கொட்டாவி விட்டார்கள். பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். ஒருநாள் தவறாமல் வந்தவள் செங்கம்மா ஒருத்திதான்.

செங்கம்மா வெல்ல மண்டியில் கூலிக்காரி. அவள் புருஷன் கோவர்த்தனன் அதே மண்டியில் மூட்டை தூக்கினவன். போன வருஷம் மூட்டையோடு சறுக்கி விழுந்து கை முறிந்தது. புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. யாரோ எதையோ கைகாட்டினார்கள். ஏறினாள். இறங்கினால் குடிபாலா. ஒரு திக்குக்குப் போகவேண்டியவள் மறு திக்குக்குப் போய்விட்டாள். மறுநாள் புத்தூரில் கட்டுக்காரர் வீங்கின கையைத் தொட்டுப் பார்த்து, "நேத்தே வந்திருக்கலாமேம்மா" என்றார். கை சேர்ந்தது, நிமிரவில்லை. மூட்டை தூக்க இனி ஆகாது.

அதனால் செங்கம்மா முதல் நாளே லோயிஸிடம் கேட்டாள்.

"டீச்சரம்மா, எனுக்கு எல்லா எழுத்தும் வாணாம். பஸ்சு மேல புத்தூருன்னு எழுதிகீதே, அத்த மட்டும் காட்டு. நான் போய்க்கினே இருக்கேன்."

"அப்படில்லாம் தாண்டக் கூடாது செங்கம்மா. புத்தூரோட எழுத்து கடைசிப் பாடத்துல வருது. மொதல்ல அபிவிருத்தி."

அபிவிருத்தியைத் தாண்டிப் புத்தூர் போக செங்கம்மாவால் முடியவில்லை.

இந்த நிலையில்தான், பிராஜெக்ட் ஆபீசர் நாகபூஷணம் நேரில் வந்து முன்னேற்றத்தைப் பார்வையிடுவார் என்று செய்தி வந்தது. மேற்பார்வையாளர் இன்பசேகரன் சைக்கிளில் பறந்து வந்தார். அவரும் அதே சபைதான். கொயரில் தாழ்ந்த குரல்.

"இவங்களை வச்சிக்கினு எழுத்தறிவை எப்படிம்மா காட்டறது? தற்குறிங்களா இருக்காங்களே!"

"தற்குறிங்களுக்குத்தானே சார் கேந்திரம்?"

"அது ஆரம்பத்துல. இப்ப இன்ஸ்பெக்ஷன்."

அவரே வழியும் சொன்னார். பெயர்கள் அப்படியே இருக்கட்டும், ஆட்கள் மாறட்டும். சபையின் மாதர் சங்கம் வரிசையாக வந்து பாயில் உட்கார்ந்தது. செங்கம்மாவின் பெயர் ஞானசௌந்தரிக்கு வந்து சேர்ந்தது. லோயிஸ் "செங்கம்மா" என்று கூப்பிட, ஞானசௌந்தரி "இருக்கேங்க" என்றாள். முதல் தடவை சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேறொருத்தி வீட்டுக்குள் நுழைந்து, அவள் தட்டில் சோறு போட்டுத் தின்றது மாதிரி இருந்ததாம். பிறகு ஒரு தோழியிடம் சொன்னாள். தோழி யாரிடமும் சொல்லவில்லை, எங்கள் தெருவைத் தவிர.

செங்கம்மாவுக்குச் சமாதானம் சொல்லும் பொறுப்பும் ஞானசௌந்தரி தலையில்தான் விழுந்தது.

"அடுத்த பேட்ச்சுல உன்னைத்தான் மொதல்ல சேர்க்கறாங்க. நான் பொறுப்பு செங்கம்மா."

"சரிக்கா. நீ சொன்னா சரி."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சரி என்றதுதான் ஞானசௌந்தரிக்குப் பெரிய உபத்திரவமாகிவிட்டது.

ஒத்திகை தொடங்கியது. இன்பசேகரன் பிரம்பு இல்லாத வாத்தியாராக முன்னும் பின்னும் நடந்தார்.

"சிஸ்டர், இவ்வளோ அழகா எழுதக்கூடாது. பலப்பத்தை ஒலக்கை மாதிரி பிடிங்க. நாக்கு கொஞ்சம் வெளிய வரட்டும். தப்பு பண்ணுங்க, ஆனா முன்னேறுற தப்பா இருக்கணும்."

"முன்னேறுற தப்புன்னா எப்படி பிரதர்?"

"போன வாரம் இதைவிட மோசமா இருந்திருக்கும்னு பார்க்கறவங்களுக்குத் தோணணும்."

இத்தனைக்குப் பிறகும் அவள் தோற்றம் அவருக்குத் திருப்தி தரவில்லை. மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை. உழைக்கும் வர்க்கமாகத் தெரியவில்லை. உடனே செங்கம்மாவிடம் ஆள் போனது. மண்டிக்குக் கட்டுகிற சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என் சேலையாவது படிக்கட்டும்" என்று சிரித்தாள். விஷமமாகச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. ஞானசௌந்தரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்பதில் மட்டும் ஒரே கட்சி.

பார்வையிடும் நாள் வந்தது. நாகபூஷணம் ஜீப்பில் வந்தார். மாலை விழுந்தது. கொட்டகைக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கினவள் போலச் செங்கம்மா நின்றாள். மழை இல்லை.

"அம்மலாரா, அக்கலாரா!" என்று தொடங்கினார் நாகபூஷணம். அவர் தெலுங்கில் ஏறித் தமிழில் இறங்குவார். "இந்த ஜில்லாவுல தற்குறிங்க குறைஞ்சிக்கினே வர்றாங்கன்னு சில பேர் வதந்தி கிளப்புறாங்க. யாரும் பயப்பட வாணாம். இந்தச் சமிதி இருக்கிற வரைக்கும் தற்குறிங்களுக்கு ஒரு குறையும் வராது! எனக்கு மூணு டிகிரி. ஆனா உங்க மத்தியில உட்கார்ந்தா நானும் ஒரு தற்குறிதான்!"

யாரும் மறுக்கவில்லை.

"ஏதி, யாராச்சும் ஒருத்தர் வாசிச்சிக் காட்டுங்க, சூஸ்தாம், பார்ப்போம்."

லோயிஸ் "செங்கம்மா" என்றாள். ஞானசௌந்தரி எழுந்தாள். சேலை மடிப்பில் காய்ந்திருந்த வெல்லப் பாகுக்கு எறும்பு ஏறியிருந்தது. ஒன்று இடுப்பில் கடித்தது. நாக்கை வெளியே நீட்டுவது, திக்குவது, விரலால் எழுத்தைத் தடவுவது எல்லாம் அந்தக் கடியோடு மறந்து போயின. புத்தகத்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடித்தாள். பழக்கம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"நான்காம் பாடம், முதலாம் வரி தொடங்கி வாசிக்கிறேன்."

வாசித்தாள். வீட்டைச் சுற்றிச் சாக்கடைத் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கொசு வரும். கொசு வந்தால் காய்ச்சல் வரும். தெலுங்கு வரிகள் கோயில் மணிபோல் ஏறி இறங்கின. சாக்கடை என்ற இடத்தில் குரல் தாழ்ந்து உருகியது. காய்ச்சலில் கொஞ்சம் நடுங்கியது. கடைசி வரி முடிந்ததும் புத்தகத்தை மூடி, கண்ணை மூடி, தமிழில் சொன்னாள்.

"கர்த்தர் தாமே தமது திருவசனத்தை ஆசீர்வதிப்பாராக."

"ஆமென்" என்றது மாதர் சங்கம், ஒரே குரலில். இன்பசேகரனின் தாழ்ந்த குரலும் அதில் இருந்தது.

லோயிஸின் முகத்தில் பலமனேரி மாப்பிள்ளை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். ஞானசௌந்தரிக்கோ, அந்த ஒரு நிமிஷம், மனசு லேசானது. அகப்பட்டுக்கொண்டோம், இனிச் செங்கம்மா உள்ளே வந்து உட்காரலாம் என்று வாசல் பக்கம் பார்த்தாள்.

நாகபூஷணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சால பாகுந்தி! சாக்கடையைக்கூட பக்தியோட வாசிக்கிற தற்குறியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. இன்பசேகரன், இனிமே எல்லாக் கேந்திரத்துலயும் பாடம் இப்படித்தான் முடியணும். இந்தம்மா ஜில்லாவுக்கே முன்மாதிரி. ஆண்டு விழாவுல திருப்பதி மேடையில ஏத்துங்க!"

திருப்பதியில் ஆண்டு விழா, கற்போருக்கெல்லாம் கல்விச் சுற்றுலா, பஸ் இலவசம், விழா முடிந்ததும் மலைக்கும் அழைத்துப் போவார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில், சித்தூரில் எழுத்தறியாமை வேகமாகப் பரவியது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மாமியாருக்கு வந்தது. தபால்காரர் சம்சாரத்துக்கு வந்தது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நாகேந்திரனே வந்து நின்றார்.

"சார், நீங்க எப்படி?" என்று இழுத்தார் இன்பசேகரன்.

"எனக்குக் கண்ணுல புரை. புத்தகத்தைக் காட்டு, ஓர் எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவன் யாரு?"

வாதத்தில் பிசகு இல்லை. அவருக்குச் சன்னலோர சீட் கிடைத்தது.

சபை மாதர்களுக்கு மலைக்குப் போகிற உத்தேசம் இல்லை. அடிவாரத்தில் இருந்துகொள்வதாகப் பேச்சு. ஆனால் லட்டு வந்தால் வேண்டாம் என்று எவளும் சொல்லவில்லை.

பஸ் புறப்படுகிற நேரம் செங்கம்மா வந்தாள். கூடவே கோவர்த்தனன், நிமிராத கையை மார்போடு சேர்த்துக் கட்டினது போல மடக்கிக்கொண்டு. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

"அக்கா, இது புத்தூரு மேல போவுதா?"

ஞானசௌந்தரி சன்னலிலிருந்து, "இல்ல செங்கம்மா, இது வேற வழி" என்றாள்.

"சரிக்கா. சேலைய மட்டும் எறும்பு இல்லாத எடமா பார்த்து மடிச்சி வை."

வழியெல்லாம் எழுத்தறியாதவர்கள் ஊர்ப்பலகை, சினிமாப் போஸ்டர், மைல்கல் எதையும் விடாமல் உரக்கப் படித்துக்கொண்டு போனார்கள். "சத்தமா படிக்காதீங்க! ரோட்டுல யார்னா கேட்டா இன்னா நினைப்பாங்க!" என்று இன்பசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் மட்டும் வாய் திறக்கவில்லை. எதிரே வந்த பஸ்களின் பலகையைக் கண்ணை இடுக்கிப் படித்து, எழுத்துப் பிழை இருந்ததற்கு முகம் சுளித்தார்.

ஞானசௌந்தரி ஒன்றையும் படிக்கவில்லை. பார்த்தால் கண் தானாகப் படித்துவிடும் என்று சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் எழுத்து இல்லை, கறைதான் இருந்தது.

திருப்பதியில் மேடை, பந்தல், தோரணம். பேச்சுக்குப் பேச்சு தீபம் ஏற்றினார்கள். பட்டப்பகலில் விளக்குகளுக்கு வெளிச்சம் போட இடமில்லை. கடைசியில் நாகபூஷணம், "முன்மாதிரித் தற்குறி ஸ்ரீமதி செங்கம்மா!" என்றார். ஞானசௌந்தரி மேடை ஏறினாள். முதலில் ஊதா மையைத் தடவிக் கட்டைவிரல் பதிக்கச் சொன்னார்கள். அது 'அன்று'. போட்டோ பிடித்தார்கள். பிறகு விரலைத் துடைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்கள். இது 'இன்று'.

பேனாவைக் கையில் வாங்கினவள் நிமிர்ந்தாள்.

"சார், நான் செங்கம்மா இல்ல. என் பேரு ஞானசௌந்தரி. நான் எட்டாவது படிச்சவ."

நாகபூஷணம் மைக்கை உள்ளங்கையால் மூடினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"ஆமென் சொன்ன அன்னைக்கே தெரியும். தற்குறி அப்படி வாசிப்பாளா?"

"அப்ப எதுக்கு சார் இதெல்லாம்?"

"செங்கம்மா படிச்சிட்டான்னு ரிப்போர்ட்டு ஐதராபாத்துக்குப் போயாச்சும்மா. அங்க போனது திரும்பி வராது."

"அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது சார். அடுத்த பேட்ச்சுலயாவது அவளைச் சேர்த்துக்கணும். நான் வாக்கு குடுத்திருக்கேன்."

நாகபூஷணத்துக்கு நிஜமாகவே வருத்தம் வந்தது.

"எப்படிம்மா முடியும்? ஒரு தடவை எழுத்தறிவு வந்தவங்களைத் திரும்பத் தற்குறியா சேர்க்க எனக்கு அதிகாரமே இல்ல. படிச்சவங்களைத் தற்குறி ஆக்கினா தேசம் இன்னா ஆவறது?"

படித்தவள் ஒருத்தி ஊதாக் கட்டைவிரலோடு எதிரே நிற்பது அவர் நினைவில் இல்லை. மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"அம்மாவுக்கு ஆனந்தத்துல பேச்சே வரல!"

பந்தல் கைதட்டியது. ஞானசௌந்தரி கையெழுத்துப் போட்டாள். செங்கம்மா என்றுதான். கை நடுங்கிற்று. அது முன்னேறுகிற நடுக்கம் என்று இன்பசேகரன் பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சினார். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய சான்றிதழ் ஒன்று கைக்கு வந்தது.

திரும்புகிற வழியில் லோயிஸ் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க மட்டும் இல்லாட்டி இன்னா ஆயிருக்கும் அண்ணி! விடுங்க, யாருக்கு இதுல நஷ்டம்?" என்றாள். ஞானசௌந்தரி சேலைக் கறையைச் சுரண்டிக்கொண்டு வந்தாள். லட்டைக்கூடக் கையில் வாங்கவில்லை. அதை யார் சாப்பிட்டது என்பதும் தெருவுக்குத் தெரியும்.

மறுநாள் சேலையைத் துவைத்து மடித்து, சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வெல்ல மண்டிக்குப் போனாள். செங்கம்மா சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். சட்டத்தை வாங்கி, புறங்கையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

"இதுல இன்னா எழுதிகீது?"

"உன் பேரு."

"அப்பால?"

"செங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு."

செங்கம்மா எழுத்தை ஒருமுறை பார்த்தாள். ஞானசௌந்தரியை ஒருமுறை பார்த்தாள்.

"யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப அடுத்த பேட்ச்சு?"

"இனிமே ஒன்னைச் சேர்க்க மாட்டாங்களாம். படிச்சவளாம் நீ. நான் கெடுத்துட்டேன் செங்கம்மா."

செங்கம்மா திட்டவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு, சட்டத்தின் பின்புறத்து ஆணிகளை நெம்பி, சான்றிதழை உருவி ஞானசௌந்தரி கையில் கொடுத்தாள்.

"இத்த நீ வச்சிக்க. கண்ணாடி நல்லா கீது, அம்மன் படம் ஒண்ணு சும்மா கெடக்குது வூட்ல."

"வா, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம்" என்றாள் ஞானசௌந்தரி. "இப்பவே."

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு செங்கம்மா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ்ஸும் குடிபாலா பஸ்ஸும் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டு நின்றன. ஞானசௌந்தரி விரலை நீட்டினாள்.

"மொத எழுத்த மட்டும் பாரு. ரெண்டுலயும் பக்கத்துல ஒரே கொக்கி. அத்த விடு. அந்தக் கிண்ணத்தைப் பாரு. கிண்ணம் நிமிர்ந்து இருந்தா புத்தூரு. கவுந்து இருந்தா குடிபாலா. அவ்ளோதான்."

செங்கம்மா பார்த்தாள். ஒரு பலகை, பிறகு மற்றொன்று. இன்னொரு பஸ் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அவள் உதடு அசைந்தது.

"கவுந்துகீது. குடிபாலா."

அது குடிபாலாவேதான்.

ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிடும் என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். செங்கம்மா சிரிக்கவில்லை. நிமிர்ந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் கை அவள் நினைவில் இருந்திருக்கும்.

"இம்மாந்தானா?" என்றாள். "ஏங்க்கா, எத்தினி நாளு என் பேர்ல குந்திக்கினு இருந்த. நான் வெளியதான நின்னுகினு இருந்தேன். இத்த ஒருவாட்டி எட்டிப் பார்த்து சொல்லக்கூடாதா?"

சொல்லியிருக்கலாம். அபிவிருத்தி தடுக்கவில்லை, நாகபூஷணமும் தடுக்கவில்லை. ஞானசௌந்தரிக்கு அப்போதுதான் அது உறைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மங்களம்தான். லோயிஸ் கல்யாணம் பலமனேரியில் விமரிசையாக நடந்தது. ஹெட்மாஸ்டர் நாகேந்திரன் அடுத்த பேட்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து வேகமாக முன்னேறி வருகிறார். ஜில்லா முழுவதும், கூரைக் கொட்டகையோ மசூதித் தெருவோ, கொசுப் பாடம் முடிந்ததும் சர்க்குலர்படி எல்லா மதத்துக்காரர்களும் எழுந்து நின்று ஆமென் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வழக்கம்போல் ஞானசௌந்தரியை வேதபாடம் வாசிக்க அழைத்தார். வாசித்தாள். பிசகில்லாமல், இழுப்பில்லாமல், பலகை படிக்கிறவள் மாதிரி வாசித்தாள். கடைசி வரி முடிந்தது. சபை வாயைப் பாதி திறந்து காத்திருந்தது. கடைசி பெஞ்சில் சாந்தகுமார்கூட விழித்துக்கொண்டான்.

அவள் புத்தகத்தை மூடினாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து இடத்தில் உட்கார்ந்தாள்.

யார் முதலில் வாயை மூடுவது என்று தெரியாமல் சபை அப்படியே இருந்தது.